நாயின் தங்கை

ஆண்ட்ரோஸ் தீவு
திராட்சை பறிக்கும் மாதம், ஏழாம் நாள்

லிசானியஸ் அண்ணனுக்கு, திமாந்திரா.

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் நினைத்தேன். நலம் என்பதே மனிதர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பொய் என்று நீ திருப்பி எழுதுவாய் என்று தோன்றியது. விட்டுவிட்டேன். ஒன்பது வருடமாக நீ எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இப்போது எழுதுவது அப்பாவுக்காக.

கோதுமை அடித்து முடித்த மறுநாள் காலையில், களத்திலிருந்து வந்து கால் கழுவக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. வாய் கோணிவிட்டது. அன்றிலிருந்து படுக்கைதான். நானும் அடிமைப்பெண் சீராவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்டிப் போடுகிறோம், துடைக்கிறோம், கஞ்சி ஊற்றுகிறோம். என் இடுப்பு விட்டுப்போயிற்று. அவர் பேசுவதில் பாதி எனக்கு மட்டும்தான் புரியும். அந்தப் பாதியிலும் உன் பெயர்தான் அதிகம்.

பக்கத்து வீட்டுத் தோல் வியாபாரி சோசினோஸ் கொரிந்துவுக்கு வந்தபோது உன்னைப் பார்த்தானாம். "உங்க அண்ணன் தோல் சந்தைக்குப் பக்கத்துல தூண் மண்டபத்துல படுத்துக் கிடக்காரும்மா. ஒரு போர்வை, ஒரு கம்பு, ஒரு பை. அவ்வளவுதான் சொத்து. ஊறவெச்ச பயறு தின்னுக்கிட்டிருந்தாரு. காலுல செருப்பு இல்ல. என்னைப் பாத்ததும், 'ஆண்ட்ரோஸ்ல இன்னும் தோலத்தான் விக்கிறீங்களா, இல்ல உள்ள இருக்கறவனையும் சேத்தே விக்கிறீங்களா'ன்னு கேட்டாரு" என்றான். அவனுக்கு அதைச் சொல்லும்போதே சிரிப்பு. துறைமுகத்தில் எல்லோருக்கும் சிரிப்பு.

எல்லாவற்றையும் விட்டுத் தெருவில் வாழ்ந்து ஊரைக் கேள்வி கேட்கிற ஞானிகளை அங்கே நாய் என்பார்களாம், உனக்கு 'ஆண்ட்ரோஸ் நாய்' என்று பெயராம். இங்கே நான் நாயின் தங்கை. மீன்காரி என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு திமாந்திராக்கள் இருக்கிறார்கள், அடையாளத்துக்காக.

குளிர்காலத்துக்குக் கப்பல்கள் நிற்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, அதுவரை கடல் திறந்திருக்கும். வா. ஐந்து நாள் இருந்துவிட்டுப் போ. குளிக்கச் சொல்ல மாட்டேன், செருப்புப் போடச் சொல்ல மாட்டேன். அப்பாவின் கண் எதிரில் வந்து உட்கார். வர முடியாவிட்டால் ஒரு வரியாவது எழுது.

*

கொரிந்து
அதே மாதம், பதினாறாம் நாள்

திமாந்திரா,

உன் தாளின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். எனக்குத் தாள் கிடையாது. மையைச் சந்தையில் மனு எழுதுகிறவனிடம் கேட்டு வாங்கினேன். அவன் என் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொண்டே நிற்கிறான்.

அப்பாவிடம் சொல்: உன் மகன் நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான், யாருக்கும் பயப்படுவதில்லை. இதில் நடுவில் உள்ளது பொய். ஒரு கடைவாய்ப் பல் ஒரு மாதமாகத் தூங்க விடுவதில்லை.

வா என்கிறாய். வந்தால் என்ன கொண்டுவருவேன்? அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் மன்னிப்பை எதிர்பார்ப்பார். நானும் கேட்டுவிடுவேன். அவர் தலை அசைப்பார். இரண்டு பேரும் வேறு யாரோ எழுதிக் கொடுத்ததைச் சொன்ன மாதிரி இருக்கும். அந்த வீட்டில் அப்படி எத்தனை பேசியிருக்கிறோம். அதைத் தாங்க முடியாமல்தானே போர்வையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

எனக்கு ஊர் இல்லை, குலம் இல்லை என்று ஒன்பது வருடமாகக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். நம்பித்தான் சொல்கிறேன். ஆனாலும் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் ஒரு பணக்காரன் விருந்துக்குக் கூப்பிட்டான். போனேன். அவன் பக்கத்திலேயே சாய்வு மஞ்சம் போட்டு வைத்திருந்தான். நான் நேரே சமையல்கட்டுக்குப் போய் அடிமைகளோடு உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தேன். முதல் முறை அப்படிச் செய்தபோது கோபத்தில் செய்தேன். இந்த முறை, விருந்தாளிகள் எல்லோரும் கிண்ணத்தோடு எழுந்துவந்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன், "இன்னும் கடிக்க ஆரம்பிக்கலயா?" என்று கேட்டான். அவன் அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான். எனக்கும் அது தெரிந்திருந்தது. ஏதோ சொல்லிக் கடித்தேன். கை தட்டினார்கள்.

களைப்பாக இருந்தது. ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வரவில்லை என்று மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன்.

*

ஆண்ட்ரோஸ்
அதே மாதம், இருபத்தொன்பதாம் நாள்

அண்ணா,

அப்பா பத்தொன்பதாம் நாள் காலையில் போய்விட்டார். உன் கடிதம் மூன்று நாள் கழித்து வந்தது. படித்துக் காட்ட யாரும் இல்லை. பல்லுக்குக் கிராம்பு... இல்லை, உன்னிடம் அதெல்லாம் எங்கே இருக்கும். உப்புத் தண்ணீரில் கொப்பளி.

பெரிதாகக் கஷ்டப்படவில்லை. கஞ்சி வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். நான் கிண்ணத்தை வைத்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. பாடைக்கு முன்னால் மகன் நடக்க வேண்டிய இடத்தில் ஹெர்மோன் சித்தப்பா நடந்தார். நானும் பெண்களும் பின்னால் போனோம். கல்லறையில் திராட்சைச் சாற்றை ஊற்றும்போது மகனின் பெயரைச் சொல்லி ஊற்ற வேண்டிய இடம் வந்தது. எல்லோரும் கீழே பார்த்தார்கள். சித்தப்பா தன் பெயரைச் சொல்லி ஊற்றினார்.

நேற்று ஒன்பதாம் நாள் படையல். முடிந்ததும் சித்தப்பா குலத்து ஆட்கள் இருவரோடு முற்றத்தில் வந்து உட்கார்ந்தார். ரொட்டியும் அத்திப்பழமும் வைத்தேன். மெதுவாகத் தின்றுவிட்டுப் பேசினார்.

"திமாந்திரா, இனிமே இந்த வீட்டையும் தோட்டத்தையும் வெச்சுக்கிட்டு நீ தனியா என்ன பண்ணுவ?"

"அண்ணன் இருக்கார் சித்தப்பா."

"எங்க இருக்கான்? எனக்கு ஊரு இல்ல, குலம் இல்ல, அப்பன் பேரு இல்லன்னு கொரிந்துல நடுச்சந்தையில நின்னு கத்தறான். அவனே இல்லன்னு சொல்லும்போது நாம எதுக்கும்மா இருக்கான்னு சொல்லணும்?"

நான் அத்திப்பழத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"மகன் இல்லாத வீட்டுல மகளும் சொத்தும் ஒண்ணாத்தான் போகும். நம்ம ஊரு சட்டம் உனக்குத் தெரியாததா? நெருங்கின சொந்தம் யாரு, நான்தான். எங்க வீட்டுக்காரியும் போய் ரெண்டு வருஷமாச்சு. எனக்கும் ஒரு வாய் சோறு ஆக்கிப்போட ஆள் வேணும்ல."

என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருக்கு அறுபத்திரண்டு வயது. எனக்கு ஐந்து வயதிருக்கும்போது என்னைத் தோளில் உட்காரவைத்து அத்தி மரத்தில் பழம் பறிக்க விட்டவர். ஊர் வழக்கத்தில் இது முறைதான், தவறென்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் கெட்டவரும் இல்லை. அதுதான் எனக்கு அலுப்பாக இருக்கிறது. கெட்டவரென்றால் சண்டை போட்டிருப்பேன்.

குலத் திருவிழாவின் மூன்றாம் நாள், வரும் மாதம் இருபத்தொன்றாம் தேதி, சபை கூடும். அங்கே சொல்லி வாக்கெடுத்து என்னை வீட்டோடு சேர்த்து எடுத்துக்கொள்வார். அதைத் தடுக்க ஒரே வழிதான். நீ வந்து பலிபீடத்தில் கை வைத்து, நான் காலிப்போஸின் மகன் என்று சொல்ல வேண்டும். மகன் இருந்தால் வீடு உன்னுடையது, நான் உன் பொறுப்பு. அதற்குப் பிறகு நீ திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

ஒரு வாக்கியம் அண்ணா. எனக்கென்று இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

*

கொரிந்து
குலத் திருவிழா மாதம், ஆறாம் நாள்

திமாந்திரா,

அப்பா போன செய்தி வந்து இரண்டு நாள் ஆகிறது. நான் சாப்பிடவில்லை என்பது எனக்கே தெரியவில்லை. துணி துவைக்கிற கிழவி ஒருத்தி, "என்ன நாயே, இன்னிக்குக் குரைக்கக் காணோம்?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. சாவு இயற்கை, அழுவது பழக்கம் என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கிழவியிடமும் சொன்னேன். அவள், "சரி சரி, பயற தின்னு" என்றாள்.

நீ கேட்பது எனக்குப் புரிகிறது. நான் சொல்வதையும் கேள். அந்தச் சபை யார்? உன்னை ஆடு மாட்டோடு சேர்த்து எண்ணுகிற முப்பது பேர். அவர்கள் முன்னால் போய் நின்று, உங்கள் வழக்கப்படி இவள் என்னுடையவள் என்று நானும் சொல்ல வேண்டுமா? சித்தப்பாவிடமிருந்து எடுத்து என் கையில் கொடுத்தால் நீ விடுதலையாகிவிடுவாயா? சங்கிலியின் முனையை ஆள் மாற்றிப் பிடிப்பதுதானே.

கதவைத் திறந்து வெளியே வா. சித்தப்பாவுக்கு வீடுதானே வேண்டும், எடுத்துக்கொள்ளட்டும். சோசினோஸ் தோல் ஏற்றிவரும் கப்பலில் இங்கே வந்துவிடு. இரண்டு பேருக்குப் பயறு கிடைக்கும். தூண் மண்டபத்தில் காற்று வராத மூலை ஒன்று இருக்கிறது, உனக்கு விட்டுத்தருகிறேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. வாழ எவ்வளவு கொஞ்சம் போதும் என்று தெரிந்தால் நீ சிரிப்பாய்.

அங்கே வந்து என் பெயரையும் அப்பன் பெயரையும் சொன்னால் இந்த ஒன்பது வருடம் என்னவாகும் என்று நினைத்துப் பார். பசித்ததும் குளிரில் நடுங்கியதும் எல்லாம், வீட்டில் கோபித்துக்கொண்டு போன பையன் திரும்பி வந்த கதையாகிவிடும்.

*

ஆண்ட்ரோஸ்
அதே மாதம், பத்தாம் நாள்

லிசானியஸ்,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கச் சக்தி இல்லை.

மண்டபத்தில் காற்று வராத மூலையை எனக்குத் தருகிறாய். நீ அங்கே படுத்தால் ஞானி. நான் படுத்தால் என்ன பெயர் என்று உன் மண்டபத்துக்கு எதிரில் நிற்கிற பெண்களைக் கேட்டுப் பார். அவர்களும் ஒரு போர்வையோடுதான் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து யாரும் தத்துவம் கேட்பதில்லை. நீ எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனாய். விடுவதற்கு உனக்கு ஒன்று இருந்தது. எனக்கு எது என்னுடையது என்று சொல், விட்டுவிடுகிறேன்.

நீ மறந்திருப்பாய். நீ போன அந்த இலையுதிர் காலத்தில் எனக்குக் காரிஸ்டோஸில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. நீ நடுச்சந்தையில் மேலாடையையும் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே துறைமுகத்துக்கு இறங்கிப் போனாய். பத்து நாளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது. "உங்க ரத்தத்துல பைத்தியம் இருக்குதுன்னு சொல்றாங்க. எங்களுக்கு வேண்டாங்க." அவ்வளவுதான். அந்த மனிதனின் முகம்கூட எனக்கு ஞாபகமில்லை. தறியில் கல்யாணத்துணி பாதி நெய்திருந்தேன். அதை அறுத்துத் தானியப் பை தைத்தேன். நல்ல துணி. இன்னும் கிழியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் கடல் திறந்ததும் உன்னிடமிருந்து அப்பாவுக்குக் கடிதம் வரும். நான்தான் எழுதினேன். நீ நலம், ஒரு பள்ளியில் பாடம் சொல்லித்தருகிறாய், கம்பளிப் போர்வை வாங்கியிருக்கிறாய், அப்பாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது. எட்டு வருடம் எட்டுக் கடிதம். வாசித்துக் காட்டுவேன். போன வருடம் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அவன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குமே. இது நேரா இருக்கு" என்றார். "திருந்திட்டாருப்பா" என்றேன். "ம்" என்றார்.

இந்த வருடம் முதல் கப்பல் வந்த அன்று, "கடுதாசி எழுதிட்டியா?" என்று கேட்டார். வந்துவிட்டதா என்று கேட்கவில்லை.

எனக்கு எழுதவே முடியவில்லை அதன் பிறகு.

உன் ஒன்பது வருடம் என்னவாகும் என்று கேட்டாய். என் ஒன்பது வருடம் என்னவாயிற்று என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? நீ அங்கே லேசாக நடந்தாய். இங்கே அந்தப் பாரத்தை வேறொரு ஆள் தூக்கிக்கொண்டு நின்றாள். அதனால்தான் உன்னால் முடிந்தது.

வராவிட்டால் பரவாயில்லை. சித்தப்பா வீட்டு அடுப்பும் அடுப்புதான்.

*

(உடைந்த பானையின் ஓட்டுச்சில்லில் கீறியது)

கொரிந்துவின் கெங்கிரேயா துறைமுகம்
பதினாறாம் நாள்

இந்தக் கப்பலில் எனக்கு இடமில்லை. ஓட்டுச்சில்லுக்கு இடம் இருக்கிறது என்கிறான் கப்பல்காரன். நாளை கிளம்பும் கப்பலில் அடித்தட்டுத் தண்ணீரை இறைத்துக் கொட்டினால் ஏற்றிக்கொள்வார்களாம். ஏறினாலும் ஏறுவேன். ஏறினாலும் சபைக்குள் வருவேனா என்று தெரியாது. என்னை நம்பி எதையும் செய்யாதே.

*

கெயோஸ் தீவு
அதே மாதம், இருபத்துநான்காம் நாள்

திமாந்திரா,

வடகாற்றுக்குப் பயந்து கப்பல் இங்கே ஒதுங்கியிருக்கிறது. ஆண்ட்ரோஸுக்குத் திரும்புகிற ஒரு மீனவன் இதைக் கொண்டுவருவான். சபையில் பெண்கள் இல்லை. நடந்ததை யாராவது வேறு மாதிரி சொல்வதற்குள் நானே எழுதுகிறேன்.

இருபத்தொன்றாம் நாள் காலையில்தான் துறைமுகத்தில் இறங்கினேன். நான்கு நாள் தண்ணீர் இறைத்ததில் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. சோசினோஸ் சபையில் பலியிட ஒரு ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நின்றான். தோளில் அப்பாவின் வெள்ளை மேலாடை.

"உங்க தங்கச்சி குடுத்தனுப்புச்சு. வந்தா குடுன்னுச்சு. வரலன்னா ஆட்ட நீயே அறுத்துத் தின்னுன்னுச்சு" என்றான். ஆட்டைக் கொஞ்சம் ஏக்கத்தோடு பார்த்தான்.

அவன் வீட்டில் குளித்தேன். தாடியைத் திருத்திவிட்டான். மேலாடையைப் போர்த்தத் தெரியவில்லை, கை மறந்துவிட்டது. அவன்தான் மடித்துத் தோளில் போட்டான். துவைத்திருந்தாய். ஆனாலும் கழுத்துப் பக்கம் அப்பாவின் எண்ணெய் வாசனை இருந்தது. செருப்புக் கொடுத்தனுப்ப மறந்துவிட்டாய். சோசினோஸின் செருப்பு எனக்குச் சேரவில்லை. வெறுங்காலோடு போனேன்.

முப்பத்தொரு பேர். தலைவர் அரிஸ்தேயஸுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை போலிருக்கிறது. பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்தார்.

"உன் பேரு?"

ஒன்பது வருடமாக இந்தக் கேள்விக்கு நாய் என்றுதான் பதில் சொல்லிவருகிறேன்.

"லிசானியஸ்."

"யாரு மகன்?"

"காலிப்போஸ் மகன்."

சொல்லிவிட்டேன். அப்பா இனி இல்லை என்பது அந்த இரண்டு சொல்லில்தான் எனக்குப் புரிந்தது. அரிஸ்தேயஸ் என் தோளில் கை வைத்தார். நல்ல மனிதர்.

சித்தப்பா எழுந்தார். "நாய்க்கு எதுக்கு வீடு? சொல்லு. நடுச்சந்தையில அவுத்துப் போட்டத இப்ப ஊரு பாக்க எடுத்து மாட்டிக்க வந்தியா? நாங்க எல்லாம் பித்துப்பிடிச்சவங்க, நீ ஒருத்தன்தான் தெளிஞ்சவன்னு சொன்னியே. இப்ப யாருக்குத் தெளிஞ்சிருக்கு?"

சிரித்தார்கள். எனக்கு ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. நல்ல பதில். கொரிந்துவாக இருந்தால் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்திருப்பார்கள். அதைச் சொல்லியிருந்தால் சபை சித்தப்பா பக்கம் போயிருக்கும். விழுங்கினேன். பசியைத் தாங்கியிருக்கிறேன், பனியைத் தாங்கியிருக்கிறேன். இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"எனக்குத் தெளியல சித்தப்பா. வீட்டுக்கு வந்திருக்கேன். ஏத்துக்கோங்க" என்றேன்.

அவர் இன்னும் நிறையப் பேசத் தயாராக வந்திருந்தார். நான் சண்டை போடவில்லை. உட்கார்ந்துவிட்டார். வயதாகிவிட்டது அவருக்கு.

ஆட்டை அறுத்தார்கள். கூழாங்கல் வைத்து வாக்கெடுத்தார்கள். எனக்கு இருபத்திரண்டு, சித்தப்பாவுக்கு ஒன்பது. பிறகு நான் பலிபீடத்தில் கை வைத்து இன்னொன்றும் சொன்னேன். வீடும் தோட்டமும் என் தங்கை கையில் இருக்கும். அவளை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன், அவளாக ஒருவரைச் சொன்னாலொழிய. சிலர் முணுமுணுத்தார்கள். அரிஸ்தேயஸ், "வீட்டுக்காரன் சொல்லிட்டான், எழுதிக்கோ" என்றார்.

வீட்டுக்காரன். அந்தச் சொல்லோடுதான் கப்பல் ஏறினேன்.

கடைசிக் கப்பல், காற்று மாறிக்கொண்டிருந்தது. வீட்டுப் பக்கம் வர நேரமில்லை. மேலாடையைச் சோசினோஸிடம் கொடுத்துவிட்டேன்.

*

ஆண்ட்ரோஸ்
நடுக்குளிர் மாதம், கடல் அடங்கியிருக்கும் நாட்களில்

அண்ணா,

இந்த ஒரு வாரம் அலை இல்லை. துணிந்து ஒரு படகு போகிறது. அதில் இதை அனுப்புகிறேன்.

நீ எழுதியதில் ஒன்று பொய். நம் வாசற்கதவின் அடிப்பலகை போன குளிர்காலத்தில் மட்கி விழுந்துவிட்டது. இப்போது கதவுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அன்று மத்தியானம் நான் முற்றத்தில் மாவு இடித்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு கால் வந்து நின்றது. வெறுங்கால். மேலே வெள்ளை மேலாடையின் கரை. அந்தக் கரையை நெய்தவள் நான்.

எழுந்து வந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். திறந்தால் முதலில் என்ன சொல்வது என்று யோசித்தேன். திட்டுவதற்கு ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. நன்றி என்று சொல்லவும் மனம் வரவில்லை. என் வீட்டில் நான் இருப்பதற்கு நான் ஏன் நன்றி சொல்ல வேண்டும்? நீ தட்டினால் திறக்கலாம் என்று நின்றேன். நீ தட்டவில்லை. நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு கால் திரும்பியது.

திறந்தபோது நீ தெருமுனையில் இறங்கிக்கொண்டிருந்தாய். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். கூப்பிடவில்லை. வீம்பு என்று நினைக்காதே. அவ்வளவு களைப்பாக இருந்தது எனக்கு. கதவைச் சாத்திவிட்டு மிச்ச மாவையும் இடித்தேன்.

சித்தப்பா பத்து நாள் கழித்து ஒரு கூடை ஒலிவக்காயோடு வந்தார். சபையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து, "உன் கைக் கூழ் குடிச்சு ரொம்ப நாளாச்சும்மா" என்றார். கொடுத்தேன். இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் சீரா அவர் வீட்டுக்குச் சட்டியில் கூழ் எடுத்துப் போகிறாள். அவருக்கு வேண்டியிருந்ததில் முக்கால்வாசி அதுதான் என்று இப்போது தெரிகிறது. அதற்கு என்னையே கேட்டார், சட்டியைக் கேட்டிருக்கலாம்.

வீடு அமைதியாக இருக்கிறது. அப்பா படுத்த கட்டிலைப் பிரித்து விறகாக்கிவிட்டேன். காலையில் எழுந்தால் யாரையும் புரட்ட வேண்டியதில்லை. முதல் சில நாள் அது நிம்மதியாக இருந்தது. இப்போது, எழுந்து உட்கார்ந்துகொண்டு, இனி என்ன என்று பார்க்கிறேன்.

வசந்தத்தில் கடல் திறந்ததும் நான் கப்பல் ஏறப் போகிறேன். எங்கே என்று கேட்காதே, எனக்கே முடிவாகவில்லை. முப்பத்துமூன்று வருடமாக இந்த மலைச்சரிவிலிருந்து கப்பல்கள் போவதை மட்டும் பார்த்திருக்கிறேன். ஒரு முறை கப்பலிலிருந்து இந்த மலை எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். போய்விட்டு வருவேன். தோட்டத்தைச் சோசினோஸ் பார்த்துக்கொள்வான்.

துறைமுகக் காவலனிடம் விசாரித்தேன். "தனியாப் போற பொம்பளைக்கு வீட்டு ஆம்பளையோட கடுதாசி வேணும்மா. ரெண்டு சாட்சி வெச்சு, பேரு, அப்பன் பேரு, குலம் எல்லாம் போட்டு வாங்கிட்டு வாங்க" என்றான். வீடு என் கையில் இருக்கிறதாம், ஆனால் நான் இன்னும் உன் கையில்தான் இருக்கிறேனாம். சங்கிலியின் முனை என்று நீ எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது. நீ எழுதியது சரிதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதைத்தான் நீ எழுதவில்லை.

கேட்கவே வெறுப்பாக இருக்கிறது. கேட்கிறேன். எழுதி அனுப்பு.

*

கொரிந்து
கடல் திறக்கும் மாதம், மூன்றாம் நாள்

திமாந்திரா,

கால் விஷயம் உண்மைதான். தட்டியிருந்தால் நீ திறந்திருப்பாய். திறந்திருந்தால் நான் திரும்பியிருக்க மாட்டேன். அந்த பயத்தில்தான் போனேன். யாருக்கும் பயப்படுவதில்லை என்று அப்பாவுக்குச் சொல்லியனுப்பியவன்.

இங்கே எனக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. நாய்க்கு வீடு கிடைத்துவிட்டது என்று ஊரே பேசிற்று. என்னைப் பார்த்துப் போர்வை போர்த்தி என்னோடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் எழுந்து போய்விட்டார்கள். போகும்போது ஒருவன் அழுதான். யாரோ என் தூணில் ஒரு நாய்க் கழுத்துப்பட்டையை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். நல்ல தோல். என் பையின் வார் அறுந்திருந்தது, அதற்குப் போட்டுக்கொண்டேன்.

விருந்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கேள்வி கேட்க யாரும் வருவதில்லை. துவைக்கிற கிழவி மட்டும் வருவாள், பல்லைப் பிடுங்கியதும் அவள்தான். பயறு தின்கிறேன். வெயில் அடித்தால் வெளியே உட்காருகிறேன், மழை பெய்தால் உள்ளே. ஒரு நாள் முழுக்க என்னை யாரும் பார்க்காமல் போயிற்று. அன்று மாலை, ஒன்பது வருடம் முன்பு இதற்காகத்தானே கிளம்பினோம் என்று தோன்றியது. எனக்கு இன்னும் அலுப்பு தீரவில்லை. ஆனால் தூங்குகிறேன்.

நீ கேட்டது கீழே இருக்கிறது. கையெழுத்து மோசமாக இருந்தாலும் காவலனுக்குப் புரியும்படி மெதுவாக எழுதியிருக்கிறேன். சாட்சிக்கு நம் ஊர்ச் சரக்குக் கப்பல் மாலுமிகள் இருவரைப் பிடித்தேன். ஒருவன், "ஏன்யா, நீதான் ஊரு பேரே இல்லாதவனாச்சே?" என்றான். இன்று ஒரு நாளைக்கு மட்டும் இருக்கிறது என்றேன்.

ஆண்ட்ரோஸ் துறைமுகக் காவலர்களுக்கும், இதைக் காணும் எந்த ஊர் அதிகாரிகளுக்கும்,

ஆண்ட்ரோஸ் குடிமகனும், அரிஸ்தேயஸ் தலைமையிலான குலத்தைச் சேர்ந்தவனும், வீடும் திராட்சைத் தோட்டமும் உடையவனுமான, காலிப்போஸ் மகன் லிசானியஸ் எழுதிக்கொடுப்பது. இதைக் கொண்டுவரும் திமாந்திரா என் தங்கை, காலிப்போஸின் மகள். அவள் எந்தக் கப்பலிலும் ஏறலாம், எந்த ஊரிலும் இறங்கலாம், விரும்பிய நாள் தங்கலாம், விரும்பியபோது திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று அவளைக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்று சட்டம் சொல்கிறது. அந்த உரிமையை நான் அவளிடமே கொடுத்துவிட்டேன். இனி அதைப் பற்றி யாருக்கு என்ன தெரிய வேண்டுமானாலும் அவளைக் கேட்கவும்.

இது என் கையெழுத்து.
காலிப்போஸ் மகன் லிசானியஸ்